வரம்பை மாற்றியும் மாறாத விடை: ஐபைதான் ஷெல்லில் கோப்பை ஓட்டியபோது வந்த ஒரு பிழை, ஒரு நிகழ்வு ஆய்வு

“அக்கா, வரம்பை அஞ்சுல இருந்து மூணுக்கு மாத்தினேன். நீக்கின புள்ளிகளோட எண்ணிக்கை 412-லயே நிக்குது. ரெண்டு போட்டும் பார்த்துட்டேன், அதே 412 தான்.”

என்னோடு வேலை செய்யும் தம்பி இப்படிச் சொன்னதும், ஏதோ எழுத்துப் பிழையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தபோது எழுத்துப் பிழை எதுவும் இல்லை. கட்டளைகள் எல்லாம் சரி, கோப்பும் சரி. ஆனாலும் விடை தவறு. பிழைச் செய்தி ஒரு வரிகூட வரவில்லை. நிரல் உடைந்து நின்றால் சமாளித்துவிடலாம். உடையாமல் தவறான எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அதை நம்பி அடுத்த வேலையைக் கட்டிவிடுவோம். அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

வேலை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல வெப்பநிலைக் கருவிகளிலிருந்து வந்த அளவீடுகள் பெரிய கோப்புகளாக இருந்தன. ஒவ்வொரு அளவீடும் அதைச் சுற்றியுள்ள அளவீடுகளின் நடுமதிப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்போம். விலகல், திட்ட விலக்கத்தின் இத்தனை மடங்கைத் தாண்டினால் அந்தப் புள்ளியைத் தூக்கிவிடுவோம். அந்த ‘இத்தனை மடங்கு’தான் வரம்பு. வரம்பைக் குறைத்தால் அதிகப் புள்ளிகள் போக வேண்டும். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

தரவை ஏற்றுவதற்கு மட்டும் ஆறு நிமிடம் ஆகும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் நிரலை முதலிலிருந்து ஓட்டுவது கட்டுப்படியாகாது. காலையில் ஐபைதான் ஷெல்லை, அதாவது பைதான் நிரல்மொழியில் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி விடையைப் பார்க்கும் சாளரத்தை, திறந்து தரவை ஒருமுறை ஏற்றிவிட்டு, நாள் முழுக்க அதையே திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வோம். ஃபங்ஷன்களை, அதாவது பெயர் சொல்லி அழைக்கும் குறிமுறைத் துண்டுகளை, திருத்துவதும் கோப்பை மீண்டும் ஓட்டுவதும் அதே ஷெல்லில்தான். இதற்கு ஐபைதானில் உள்ள வழி %ரன் என்கிற மேஜிக் கட்டளை, அதாவது பைதான் மொழியில் இல்லாமல் ஐபைதான் தானே சேர்த்திருக்கும் கட்டளை. அதன் பின்னால் கோப்பின் பெயரைக் கொடுத்தால் கோப்பு ஓடி முடியும். அதில் உருவான மாறிகளும் ஃபங்ஷன்களும் ஷெல்லில் கைக்குக் கிடைக்கும்.

முதலில் இந்தக் குறிமுறை முழுவதும் ஒரு நோட்புக்கில், அதாவது குறிமுறையும் விளக்கமும் விடையும் செல் என்ற கட்டங்களாக அடுக்கியிருக்கும் கோப்பில், இருந்தது. நோட்புக் நீண்டுகொண்டே போனதால், சுத்தம் செய்யும் பகுதியைக் குறிமுறை மட்டும் உள்ள தனி ஸ்கிரிப்ட் கோப்பாகப் பிரித்து எழுதச் சொன்னது நான்தான். தம்பி அப்படியே வெட்டி ஒட்டினார். ஒரு எழுத்தும் மாறவில்லை. மேலே ‘வரம்பு’ என்ற மாறிக்கு 5, ‘விலக்கு’ என்ற பெயரில் தவிர்க்க வேண்டிய கருவிகளின் பட்டியல், அப்புறம் தரவை வாங்கிக்கொண்டு வேலை செய்யும் ‘சுத்தம்’ என்ற ஃபங்ஷன். (பைதான் 3.0 வந்த 2008 முதலே மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். எங்கள் குழுவில் அப்படித்தான் எழுதுகிறோம். குறிமுறையைப் படிக்கும்போது என்ன நடக்கிறது என்று சட்டென்று பிடிபடுகிறது.)

நோட்புக்கில் இருந்தவரை வரம்பை ஒரு செல்லில் மாற்றிவிட்டு ஃபங்ஷனை அழைத்தால் விடை மாறியது. ஸ்கிரிப்ட்டுக்கு வந்த பிறகு மாறவில்லை.

முதலில் சந்தேகப்பட்டவை

கோப்பைச் சேமிக்காமல் ஓட்டியிருக்கலாம் என்பது முதல் சந்தேகம். இல்லை, சேமித்திருந்தார். வேறு அடைவில் அதே பெயரில் இன்னொரு கோப்பு இருக்கிறதா என்று பார்த்தோம். அதுவும் இல்லை.

அடுத்ததாக மாட்யூல் கேஷ் மேல் சந்தேகம் வந்தது. பைதான் ஒரு மாட்யூலை (வேறு கோப்பில் உள்ள குறிமுறையை) ஒருமுறை இம்போர்ட் செய்துவிட்டால், அதாவது எடுத்துச் சேர்த்துக்கொண்டால், அதை நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை இம்போர்ட் என்று எழுதினால் கோப்பைத் திரும்பப் படிக்காது, ஏற்கெனவே இருப்பதையே எடுத்துக் கொடுக்கும். %ரன் பிரதானக் கோப்பை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படித்து ஓட்டும். ஆனால் அந்தக் கோப்பு இம்போர்ட் செய்யும் மற்ற கோப்புகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவற்றில் நாம் செய்த திருத்தம் ஷெல்லை மூடித் திறக்கும்வரை தெரியாமல் போகலாம். இது பலரையும் நாள்கணக்கில் சுற்றவிடும் விஷயம், ஆகவே சந்தேகப்பட்டதில் தவறில்லை. ஆனால் எங்கள் ஸ்கிரிப்ட் எங்களுடைய வேறு எந்தக் கோப்பையும் இம்போர்ட் செய்யவில்லை.

அதற்குள் குழப்பத்தைக் கூட்டும் ஒன்று நடந்தது. விலக்குப் பட்டியலில் ஒரு கருவியைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று தம்பி ஷெல்லிலேயே அப்பெண்ட் செய்தார். எண்ணிக்கை 412-லிருந்து 398-க்கு இறங்கியது! ஆக, ஷெல்லில் செய்யும் மாற்றம் ஃபங்ஷனுக்குப் போய்ச் சேருகிறது. பட்டியல் போய்ச் சேர்ந்தால் வரம்பு மட்டும் ஏன் போகவில்லை? இந்த ஒரு சான்று எங்களை இன்னும் ஒரு மணி நேரம் தவறான திசையில் கொண்டுபோனது. ஷெல்லும் ஃபங்ஷனும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன என்று முடிவுகட்டிவிட்டு, பிழை கணக்கில்தான் இருக்க வேண்டும் என்று சூத்திரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தோம்.

ஒரே பெயர், இரண்டு மதிப்பு

கடைசியில் ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு பிரிண்ட் வைத்தோம். கோப்பை மறுபடி ஓட்டி, ஷெல்லில் வரம்பை 3 ஆக்கி, ‘வரம்பு’ என்று தட்டிப் பார்த்தோம். 3 என்றது. ஃபங்ஷனை அழைத்தோம். உள்ளே இருந்த பிரிண்ட் 5 என்றது.

ஒரே பெயருக்கு ஒரே நேரத்தில் இரண்டு மதிப்பு. அப்படியென்றால் இரண்டு ‘வரம்பு’ இருக்கிறது. இது எனக்கு உறைத்ததும் கணக்கை விட்டுவிட்டு, பெயர்கள் எங்கே வாழ்கின்றன என்று தேடினேன்.

பைதானில் ஒவ்வொரு ஃபங்ஷனும் தான் பிறந்த இடத்தின் பெயர்வெளியை, அதாவது நேம்ஸ்பேஸை, கூடவே சுமந்துகொண்டு திரியும். அது டண்டர் குளோபல்ஸ் என்ற பண்பில் இருக்கிறது (பெயரின் இருபுறமும் இரட்டை அடிக்கோடு இருந்தால் அதை டண்டர் என்போம்). அது ஒரு சாதாரண அகராதிதான். பெயர்களும் அவற்றின் மதிப்புகளும் அதில் இருக்கும். ஃபங்ஷனுக்குள் ‘வரம்பு’ என்று எழுதியிருந்து அது உள்மாறியாக இல்லாவிட்டால், பைதான் தேடுவது அந்த அகராதியில்தான். யார் அழைத்தார்கள், எங்கிருந்து அழைத்தார்கள் என்பதையெல்லாம் அது பார்க்காது.

சுத்தம் ஃபங்ஷனின் டண்டர் குளோபல்ஸும் ஷெல்லின் குளோபல்ஸும் ஒன்றேதானா என்று ‘இஸ்’ போட்டுக் கேட்டோம். ஃபால்ஸ், அதாவது இல்லை, என்று வந்தது. அடுத்து, ஃபங்ஷன் சுமக்கும் அந்த அகராதிக்குள் நேரடியாகக் கையை விட்டு வரம்பை 3 என்று எழுதினோம். எண்ணிக்கை மாறியது. இதற்கு மேல் சந்தேகப்பட எதுவும் இல்லை.

நடந்தது இதுதான். எந்த ஆப்ஷனும் (கட்டளையின் நடத்தையை மாற்றும் கூடுதல் குறி) இல்லாமல் %ரன் கொடுத்தால், ஐபைதான் அந்தக் கோப்புக்கென்று காலியான ஒரு தனிப் பெயர்வெளியை உருவாக்கி அதற்குள் ஓட்டுகிறது. ஓடி முடிந்ததும் அங்கே உருவான பெயர்களையெல்லாம் ஷெல்லின் பெயர்வெளிக்குள் நகலெடுத்துப் போடுகிறது. நகலாவது பெயர் மட்டும்தான், பொருள் அல்ல. கோப்பு ஓடி முடிந்த அந்தக் கணத்தில் இரண்டு இடத்திலும் ‘வரம்பு’ என்ற பெயர் இருக்கிறது, இரண்டும் 5-ஐத்தான் காட்டுகின்றன. ஷெல்லில் ‘வரம்பு = 3’ என்று எழுதும்போது ஷெல்லில் உள்ள பெயர் மட்டும் 3-ஐக் காட்டத் தொடங்குகிறது. கோப்பின் பெயர்வெளியில் உள்ளது 5-லேயே நிற்கிறது. ஃபங்ஷன் படிப்பது அதைத்தான்.

பட்டியல் விவகாரமும் இப்போது புரிந்தது. விலக்கு என்ற பெயரும் இரண்டு இடங்களில் இருக்கிறது, ஆனால் இரண்டும் சுட்டுவது ஒரே பட்டியலை. அப்பெண்ட் செய்யும்போது பெயரை நாம் தொடவில்லை, பட்டியலையே மாற்றுகிறோம். அதனால் ஃபங்ஷனுக்கும் தெரிந்தது. அன்று தம்பி அப்பெண்ட் செய்யாமல் ‘விலக்கு =’ என்று புதுப் பட்டியலைக் கொடுத்திருந்தால், அதுவும் போய்ச் சேர்ந்திருக்காது; நாங்களும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கண்டுபிடித்திருப்போம்.

இதை உறுதி செய்துகொள்ள எங்கள் பெரிய கோப்பு தேவையே இல்லை. மூன்று வரியில் ஒரு கோப்பு போதும்: ஒரு மாறிக்கு 1, அந்த மாறியைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன், அது இரண்டு வரி. %ரன் போட்டு ஓட்டி, மாறியை 2 ஆக்கி, ஃபங்ஷனை அழையுங்கள். 1 என்றுதான் வரும். இந்தச் சோதனையை ஒவ்வொருவரும் தன் கையால் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். படித்துத் தெரிந்துகொண்டது மறந்துபோகும், அந்த 1-ஐக் கண்ணால் பார்த்தது மறக்காது.

என் பங்குக்கு நான் ஏமாந்ததற்கும் காரணம் உண்டு. சாதாரண பைதானில் மைனஸ் ஐ என்ற ஆப்ஷன் கொடுத்து ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினால், அது முடிந்ததும் அதே பெயர்வெளியில், கட்டளை தட்டும் ப்ராம்ப்ட் திறக்கும். அங்கே வரம்பை மாற்றினால் ஃபங்ஷனுக்குத் தெரியும். பைதான் 2 காலத்தில் இருந்த எக்ஸெக்ஃபைல் ஃபங்ஷனும், ப்ராம்ப்டிலிருந்து அழைத்தால், ப்ராம்ப்டின் பெயர்வெளியிலேயே கோப்பை ஓட்டியது. பைதான் 3-இல் அதை எடுத்துவிட்டார்கள். இந்தப் பழக்கத்தில் ஊறியிருந்ததால், %ரன்னும் அப்படித்தான் என்று ஒருநாளும் சரிபார்க்காமல் எடுத்துக்கொண்டேன்.

ஏன் இப்படி ஒரு இயல்புநிலை?

ஐபைதானை ஃபெர்னாண்டோ பெரெஸ் 2001-இல் தொடங்கினார். அப்போது அவர் இயற்பியல் ஆய்வு மாணவர். சோதனை செய்துகொண்டே யோசிப்பவர்களுக்கு ஏற்ற ஷெல் வேண்டும் என்பதுதான் தொடக்கம். 2011-இல் அதோடு நோட்புக் சேர்ந்தது. 2014-இல் நோட்புக் உள்ளிட்ட, மொழி சாராத பகுதிகள் ஜூபிட்டர் என்ற பெயரில் பிரிந்தன. %ரன்னின் நோக்கம் என்னவென்றால், கணினியின் கட்டளைவரியிலிருந்து பைதான் கொண்டு ஒரு கோப்பை ஓட்டினால் எப்படி ஓடுமோ அப்படியே ஷெல்லுக்குள்ளும் ஓட வேண்டும். ஓடிய பின் அதன் மாறிகள் ஆராய்வதற்குக் கையில் இருக்க வேண்டும்.

அப்படி யோசித்தால் காலிப் பெயர்வெளி சரியான முடிவுதான். கோப்பு எந்தப் பெயரில் ஓடுகிறது என்று சொல்லும் டண்டர் நேம், நேரடியாக ஓட்டியதைக் குறிக்கும் டண்டர் மெயினாக இருக்கும், கட்டளையோடு கொடுத்த ஆர்க்யுமென்டுகள் (உள்ளீட்டு மதிப்புகள்) ஸிஸ் ஆர்க்வி என்ற பட்டியலில் வந்துவிடும், ஷெல்லில் ஏற்கெனவே கிடக்கும் எந்த மாறியும் நிரலுக்குத் தெரியாது. கோப்பு தன் காலில் நிற்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பாதியில் பிழை வந்து நின்றாலும் அதுவரை உருவான மாறிகள் ஷெல்லுக்கு வந்து சேர்கின்றன. அவற்றை எடுத்துப் பார்த்து என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கலாம். இதை நான் மிகவும் மதிக்கிறேன். நிரல் இறந்த பிறகும் அதன் மாறிகள் கையில் இருப்பது பெரிய வசதி.

கோப்பு தனியாக ஓடுகிறது, ஆனால் அதன் பெயர்கள் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, அவை இங்கேயே பிறந்தவை என்று நாம் நினைத்துவிடுகிறோம். சிக்கல் முழுக்க இந்த இடத்தில்தான்.

மைனஸ் ஐ தந்ததும் எடுத்துக்கொண்டதும்

காரணம் தெரிந்த பிறகு தீர்வு கண்ணெதிரே இருந்தது. %ரன்னோடு மைனஸ் ஐ ஆப்ஷன் கொடுத்தால் கோப்பு காலிப் பெயர்வெளியில் ஓடாமல் ஷெல்லின் பெயர்வெளியிலேயே ஓடும். ஃபங்ஷன் பிறப்பதும் அங்கேயே, தேடுவதும் அங்கேயே. கொடுத்துப் பார்த்தோம். கோப்பு ஓடியதும் வரம்பு 5. பிறகு ஷெல்லில் 3 என்று மாற்றினோம், எண்ணிக்கை 1,130 ஆனது. தம்பியின் முகம் மலர்ந்தது. நோட்புக் போலவே வேலை செய்கிறது என்று அன்றிலிருந்து எல்லாக் கோப்புகளையும் மைனஸ் ஐ போட்டே ஓட்டினோம்.

அடுத்த வாரம் குழுவில் இன்னொருவர் அதே ஸ்கிரிப்டை நேரே கட்டளைவரியிலிருந்து ஓட்டினார். நேம் எரர். ‘நடுமதிப்பு’ என்று ஒரு பெயரே இல்லை என்றது. எங்கள் ஷெல்லிலோ அதே கோப்பு அதே நாளில் சிக்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் பிழையைவிட இது என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. நடந்தது இப்படி: இடையில் ஒருநாள் நடுமதிப்பு ஃபங்ஷனைத் திருத்தி எழுதி, அளவீடுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அதைக் கணக்கில் எடுக்கும்படி செய்து, ‘நகரும்நடுமதிப்பு’ என்று பெயரையும் மாற்றியிருந்தோம். அழைக்கும் இடங்களில் ஒன்றை மட்டும் மாற்ற விட்டுவிட்டோம். கோப்பில் பழைய ஃபங்ஷன் இல்லை, ஆனால் முந்தைய ஓட்டங்களில் உருவான அது, அந்த நாட்களில் மூடாமலே விட்டிருந்த எங்கள் ஷெல்லில் உயிரோடு இருந்தது. மைனஸ் ஐ ஷெல்லின் பெயர்வெளியிலேயே ஓட்டுவதால், மாற்ற விட்ட அந்த இடம் பழைய ஃபங்ஷனைக் கண்டுபிடித்து அமைதியாக அழைத்துக்கொண்டிருந்தது. இடைவெளி உள்ள கருவிகளின் தரவில் ஒரு பகுதி புது முறையிலும் ஒரு பகுதி பழைய முறையிலும் சுத்தமாகியிருந்தது.

ஆப்ஷன் இல்லாமல் ஓட்டியிருந்தால் அந்தப் பெயர் கோப்பின் பெயர்வெளியில் இருந்திருக்காது, அன்றே பிழை வெளியே வந்திருக்கும். முதல் நாள் எங்களைக் குழப்பிய அதே பிரிவினைதான் இந்த இடத்தில் எங்களைக் காப்பாற்றியிருக்கும்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆப்ஷன் இல்லாத %ரன்னும் ஷெல்லைச் சுத்தமாக வைக்காது. அது புதுப் பெயர்களைச் சேர்க்கும், இருப்பதை மேலெழுதும், ஆனால் கோப்பிலிருந்து நாம் நீக்கிவிட்ட பெயரை ஷெல்லிலிருந்து நீக்காது. கோப்புக்குள் பிழை வெளிப்பட்டுவிடும். ஷெல்லில் நாமே கையால் பழைய பெயரைத் தட்டினால் பழைய ஃபங்ஷன்தான் ஓடும். அதேபோல, கோப்பில் ஒரு கிளாஸ் (பொருள்களை உருவாக்கும் அச்சு) இருந்து அதை மறுபடி ஓட்டினால், பிறப்பது பெயரளவில் மட்டுமே அதே கிளாஸ். முதல் ஓட்டத்தில் உருவாக்கி ஷெல்லில் வைத்திருக்கும் பொருளை இஸ்இன்ஸ்டன்ஸ் போட்டுக் கேட்டால், இப்போதைய கிளாஸைச் சேர்ந்ததில்லை என்று சொல்லிவிடும். பழைய பொருளைக் கோப்பில் சேமிக்கப் பிக்கிள் செய்யப் போனாலும் இதே காரணத்தால் முரண்டு பிடிக்கும்.

நோட்புக் கோப்பை ஷெல்லிலிருந்து ஓட்டியபோது

மீதியிருந்த அறிக்கை நோட்புக்கையும் ஷெல்லிலிருந்தே ஓட்டலாம் என்று தம்பி முயன்றார். %ரன் நோட்புக் கோப்பையும் ஏற்கும். அதில் உள்ள குறிமுறை செல்களை மட்டும் வரிசையாக எடுத்து ஓட்டும், விளக்கம் எழுதிய செல்களைத் தாண்டிப் போகும். நோட்புக்கின் உள்ளே மேஜிக் கட்டளைகள் இருந்தாலும் ஓடும். வசதியான விஷயம்தான். ஆனால் ஸ்கிரிப்டுக்கு உள்ள நடைமுறை இதற்கு இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

நோட்புக்குக்குத் தனிப் பெயர்வெளி கிடையாது. எந்த ஆப்ஷனும் கொடுக்காவிட்டாலும் அது ஷெல்லின் பெயர்வெளியில்தான் ஓடும். நோட்புக்கின் முதல் செல்லில், வேகமாகச் சோதிக்க வேண்டும் என்பதற்காக ஒரு சிறு மாதிரியை ஏற்றி அதற்கு ‘தரவு’ என்று பெயர் வைத்திருந்தார். ஷெல்லில் ஆறு நிமிடம் காத்திருந்து ஏற்றிய முழுத் தரவின் பெயரும் ‘தரவு’தான். ஒரே நொடியில் போயிற்று. நல்லவேளையாக அடுத்த வரியிலேயே வரிசைகளின் எண்ணிக்கையைப் பார்த்ததால் தெரிந்தது.

கோப்பின் பெயருக்குப் பின்னால் கருவியின் எண்ணை ஆர்க்யுமென்டாகக் கொடுத்திருந்தார். அது நோட்புக்குக்குப் போகவே இல்லை. ஆர்க்யுமென்டுகளை ஸிஸ் ஆர்க்வியில் வைக்கும் வேலைக்கு வருவதற்கு முன்பே, நோட்புக் என்று தெரிந்தவுடன் ஐபைதான் அதைத் தனி வழியில் திருப்பிவிடுகிறது. மைனஸ் ஐ, நேரம் அளக்கும் மைனஸ் டி போன்றவையும் அங்கே செல்லுபடியாகாது, அதற்கான எச்சரிக்கையும் வராது.

“அட்டவணை எதுவுமே வரலியே அக்கா, ஓடுச்சா இல்லியா?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. ஓடியது. ஜூபிட்டரில் செல்லின் கடைசி வரியில் ஒரு மாறியின் பெயரை மட்டும் எழுதினால் அதன் மதிப்பு கீழே தோன்றும். %ரன் வழியாக ஓடும்போது செல்கள் அமைதியான முறையில் ஓட்டப்படுகின்றன, அந்தக் கடைசி வரி எதையும் காட்டாது. பிரிண்ட் செய்தது மட்டும் வரும். நோட்புக் கோப்பிலும் எதுவும் எழுதப்படாது. பழைய வெளியீடுகள் அப்படியே இருக்கும். யாராவது அந்தக் கோப்பைத் திறந்து பார்த்து, இன்றைக்கு ஓடியதன் விடை இது என்று நினைத்தால் ஏமாந்துபோவார்கள்.

இன்னொன்று, கோப்புப் பாதை. ஜூபிட்டரில் திறந்தால் வழக்கமாக நோட்புக் இருக்கும் அடைவே நடப்பு அடைவு. ஷெல்லிலிருந்து ஓட்டினால் ஷெல் நிற்கும் அடைவுதான் நடப்பு அடைவு. %ரன் அதை மாற்றாது. இதில் ஒரு வேடிக்கையான வேறுபாடு இருக்கிறது: கோப்பு இருக்கும் அடைவை, ஓடும் நேரத்துக்கு மட்டும், இம்போர்ட் தேடும் பாதையில் ஐபைதான் சேர்த்துவிடும். அதனால் பக்கத்திலுள்ள மாட்யூல் கிடைத்துவிடும், பக்கத்திலுள்ள தரவுக் கோப்பு கிடைக்காது. ஸ்கிரிப்டுக்கும் இதே நடத்தைதான்.

மாற்றி எழுதியது

இவ்வளவும் பார்த்த பிறகு எந்த ஆப்ஷன் நல்லது என்று பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று தோன்றியது. வரம்பு என்ற குளோபல் மாறியை நம்பி ஃபங்ஷன் எழுதியதுதான் எங்களுடைய உண்மையான தவறு. வரம்பையும் விலக்குப் பட்டியலையும் ஃபங்ஷனின் ஆர்க்யுமென்டுகளாக மாற்றினோம். அழைப்பவர் கொடுத்தால்தான் உண்டு. எந்தப் பெயர்வெளியில் ஓடினாலும் விடை ஒன்றே.

முதல் முயற்சியில் இதிலும் தடுக்கி விழப் பார்த்தோம். ஆர்க்யுமென்டின் இயல்பு மதிப்பாக மேலே உள்ள வரம்பு மாறியையே தம்பி கொடுத்திருந்தார். இயல்பு மதிப்பு கணக்கிடப்படுவது ஃபங்ஷன் வரையறுக்கப்படும் நேரத்தில், ஒரே ஒருமுறை. அதன் பின் மாறியை மாற்றினாலும் ஃபங்ஷனுக்குள் 5-தான். மைனஸ் ஐ போட்டாலும் இது தீராது. இயல்பு மதிப்பையே எடுத்துவிட்டு, கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்று வைத்தோம். கொடுக்க மறந்தால் பிழை வரும். அந்தப் பிழை வரட்டும் என்றுதான் அப்படி வைத்தது.

ஃபங்ஷன்கள் உள்ள கோப்பை இனி %ரன் செய்வதில்லை, மாட்யூலாக இம்போர்ட் செய்கிறோம். திருத்தங்கள் உடனே தெரிய ஆட்டோரீலோட் நீட்டிப்பை ஏற்றி, அதன் அளவை 2 என்று வைக்கிறோம். நாம் ஷெல்லில் ஒரு கட்டளை கொடுக்கும் ஒவ்வொரு முறையும், மாறியிருக்கும் மாட்யூல்களை அது திரும்ப ஏற்றிவிடும். இதை இம்போர்ட் செய்த மாட்யூல்களுக்கு மட்டுமே நம்பலாம். %ரன் வழியாக வந்த ஃபங்ஷன்களை அது தொடாது. இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டால் எது புதிது, எது பழையது என்பது மறுபடி குழம்பும்.

நடத்தும் ஸ்கிரிப்டை மட்டும் %ரன் செய்கிறோம், எந்த ஆப்ஷனும் இல்லாமல். அதன் நிர்வாகப் பகுதி, டண்டர் நேம் டண்டர் மெயினாக இருந்தால் மட்டும் ஓடு என்ற சரிபார்ப்புக்குள் இருக்கிறது. அந்தப் பகுதி ஓட வேண்டாம், வரையறைகள் மட்டும் வேண்டும் என்றால் மைனஸ் என் கொடுக்கிறோம். அப்போது டண்டர் நேம் கோப்பின் பெயராகிவிடும், சரிபார்ப்புக்குள் நுழையாது. கோப்புப் பாதைகளை, கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் டண்டர் ஃபைலிலிருந்து கணக்கிட்டுக்கொள்கிறோம்.

அறிக்கை நோட்புக்கை ஷெல்லிலிருந்து ஓட்டுவதை நிறுத்திவிட்டோம். நோட்புக்குகளை ஓட்டுவதற்கென்றே உள்ள பேப்பர்மில் என்ற மென்பொருள் கொண்டு ஓட்டுகிறோம். மாற வேண்டிய மதிப்புகள் உள்ள செல்லுக்குப் பாராமீட்டர்ஸ் என்று டேக் வைத்தால், வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்புகளை அது அதற்கு அடுத்து ஒரு புதுச் செல்லாகச் செருகி, புதிய கெர்னலில் (குறிமுறையை இயக்கும் பின்னணி நிரலில்) ஓட்டி, வெளியீடுகளோடு தனி நோட்புக்காகச் சேமிக்கிறது. மதிப்புகளை மாற்ற வேண்டாம் என்றால் நோட்புக்கை வேறு வடிவங்களுக்கு மாற்றும் என்பிகன்வர்ட்டின் எக்ஸிக்யூட் வசதியே போதும்.

மைனஸ் ஐ-யை முழுக்க விட்டுவிடவில்லை. ஆறு நிமிடத் தரவை ஷெல்லில் வைத்துக்கொண்டு, பத்து வரியில் ஒரு வரைபடத்தைத் திருத்தித் திருத்திப் பார்க்கும்போது அதைவிட வசதியானது எனக்குத் தெரியவில்லை. அப்படி வந்த எந்த எண்ணையும் அறிக்கைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று மட்டும் வைத்திருக்கிறோம். அறிக்கைக்குப் போகும் எண், புதிதாகத் திறந்த ஷெல்லிலோ கட்டளைவரியிலோ ஒருமுறை ஓடி வந்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே நாங்கள் அனுப்பியிருந்த ஓர் அட்டவணையில் 5, 3, 2 ஆகிய மூன்று வரம்புகளுக்கும் எதிரே 412 என்று இருந்தது. ‘தரவு வரம்பைப் பொருட்படுத்தவில்லை’ என்று அதன் கீழே நானே ஒரு வரி எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் புதுக் கெர்னலில் முதலிலிருந்து ஓட்டினோம். பழைய நடுமதிப்புச் சிக்கலும் இதில் தீர்ந்ததால், 5-க்கான எண்ணே 405 ஆயிற்று; 3-க்கு 1,118, 2-க்கு 2,861. பெற்றவர்களுக்கு மூன்று எண்களையும் திருத்தி, எந்த வரி ஏன் தவறு என்று விளக்கி, கீழே நான் எழுதிய வரியை நீக்கிவிட்டதாகவும் குறிப்பிட்டு அனுப்பினேன். அந்த மூன்று வரிச் சோதனைக் கோப்பு இப்போது எங்கள் குறிமுறையோடு சேர்ந்தே இருக்கிறது. குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் முதல் நாளில் அதை ஆப்ஷன் இல்லாமல் ஒருமுறையும், மைனஸ் ஐ-யோடு ஒருமுறையும் ஓட்டிப் பார்க்கிறார்கள்.